தறிவீட்டு மாடியில் மெட்ரோனோம்

என் கையில் தாளம் ஏறிவிடும். ஆரம்பித்த வேகத்திலேயே ஒரு பாட்டை முடித்ததாக நினைவில்லை. பேண்டு செட்டில் இருந்தவரை இது குறையாகத் தெரியவில்லை. கல்யாண ஊர்வலத்தில் டிரம் அடிப்பவன் முன்னால் நடப்பவர்களின் கால்களைப் பார்த்துத்தான் அடிப்பான். மழை தூறினால் கால்கள் விரையும், கையும் விரையும். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட ஆரம்பித்தால் அப்புறம் அவர்கள் இஷ்டம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் காவடிக்கு அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். காவடி எடுத்தவருக்குச் சாமி வந்துவிட்டால் நம் கை நம்மிடம் இருக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ரேணிகுண்டா, புத்தூர், சித்தூர், அரக்கோணம் என்று ஊர் ஊராகப் போய் இப்படி அடித்தே பிழைத்திருக்கிறேன்.

திருத்தணியில் ஒரு பழைய மிஷன் காலத்துச் சர்ச்சில் டிரம்முக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். முன்பு அடித்தவர் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாராம். பாடகர் குழுவை நடத்துபவர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், என் வயதுதான் இருக்கும். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் சனிக்கிழமை ஒத்திகையிலேயே பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

“பிரதர், இது காவடி இல்ல. மூணாவது சரணத்துல எல்லாருக்கும் மூச்சு வாங்குது.”

பாடகர் வரிசையில் ஓர் அக்கா துப்பட்டாவால் விசிறிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஒத்திகையில தாளம் நிலையா நிக்கட்டும், அப்புறம் ஞாயித்துக்கிழமை உக்காருங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம். சரிப்படலன்னா கீபோர்டுலயே ரிதம் போட்டுக்குறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டிரம்முக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டூல் எனக்கு வேண்டியிருந்தது. பேண்டில் இன்று பார்த்த முகத்தை நாளை பார்க்க மாட்டோம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மண்டபத்தின் பின்பக்கம் நமக்கு இலை போடுவார்கள். இங்கே டீ வரும்போது என் கைக்கும் ஒன்று தானாக வந்தது. இரண்டாவது சனிக்கிழமை அதே அக்கா, “போன வாரம் இருமிகினு இருந்தீங்களே, சரியாப்போச்சா?” என்று கேட்டார். நான் திரும்பவும் இருமினேன்.

கல்ஃபுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த புத்தூர் கிட்டார்காரர் ஒருவரிடமிருந்து மெட்ரோனோம் ஒன்றை வாங்கிக்கொண்டேன். தாளம் பிசகாமல் டிக் டிக்கென்று எண்ணிக்கொடுக்கும் கருவி. உள்ளங்கையில் அடங்கும். பக்கவாட்டில் இருக்கும் சக்கரத்தைத் திருகினால் வேகம் மாறும். ஒவ்வொரு நாலாவது தட்டுக்குப் பிறகும் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அதற்குள்ளேயே புளூடூத் ஸ்பீக்கரும் இருந்தது. போனில் வந்த பாட்டை அதில் போட்டு, கூடவே டிக் சத்தத்தையும் ஓட விடலாம். ஜெராக்ஸ்காரர் அனுப்பிய பாட்டுகளையெல்லாம் அப்படித்தான் பழகினேன். போன் அதோடு சேர்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் “கனெக்டட்” என்று சொல்லும். சில நாள் காலையில் எனக்கு முதலில் கேட்ட மனிதக் குரல் அதுதான்.

அப்போது நான் அம்மையார்குப்பத்தில் ஒரு தறிவீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தேன். கீழே நாலு பவர்லூம் ஓடும். அந்த இரைச்சலுக்குப் பயந்து அந்த அறைக்கு வேறு யாரும் குடிவரவில்லை. எனக்கு அதுதான் தோதாக இருந்தது. தறி ஓடும் வீட்டில் டிரம் அடித்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்க வைத்து, ரப்பர் பலகையில் காலையிலிருந்து மதியம் வரை அடித்தேன். சில வாரங்களில் கை நிலைத்துவிட்டதாகவே தோன்றியது.

ஒருநாள் கரண்ட் போனது. நாலு தறியும் ஒன்றாக நின்றன. அப்போதுதான் டிக் சத்தம் தனியாகக் கேட்டது. அது எங்கேயோ இருந்தது, என் குச்சி எங்கேயோ இருந்தது. இத்தனை நாளாக நான் மெட்ரோனோமோடு அடிக்கவில்லை, தறியோடு அடித்திருக்கிறேன். கை தடுமாறி நின்றுவிட்டது. தறிக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“இன்னாங்க டிரம்முகாரரே, கரண்ட் போனா உங்களுக்கும் நின்னுடுமா?”

“ஆங், எனக்கும் ஒரே லைன்தாங்க.”

“அப்போ பில்லுல பாதி நீங்க கட்டுங்க!”

அவர் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் அவர்கள் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு கரண்ட் வந்தது.

மறுநாளிலிருந்து கருவியைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பேருந்தில் திருத்தணிக்கு வந்தேன். மலைக்குப் பின்புறம் பக்தர்கள் வராத பாறைப் பக்கம் போய் உட்காருவேன். குரங்குகள் ஒருநாள் பையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் இல்லையென்று விட்டுவிட்டன. அந்தக் கருவியில் ஒரு வசதி இருந்தது. கொஞ்ச நேரம் டிக் சத்தம் வரும், பிறகு அதுவாக நின்றுவிடும். நாம் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் திரும்பி வரும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். முதலில் ஒவ்வொரு முறையும் நான் முன்னே போயிருந்தேன். அது வந்து சேரும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். கார்த்திகை முடியும் சமயத்தில் ஒரு காலை, சத்தம் நின்றது, நான் அடித்தேன், திரும்பி வந்த டிக் நேராக என் குச்சிக்கு அடியிலேயே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சொன்ன நேரத்துக்கு யாரோ வந்து நின்றதுபோல இருந்தது. சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த ஒத்திகையில் ஜெராக்ஸ்காரர் கடைசிவரை பாட்டை நிறுத்தவில்லை. “கல்லு மாதிரி நிக்கிறீங்க பிரதர். நாளைக்கு ஆராதனையில உக்காருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். முதல் பாட்டுக்குச் சபை முழுக்க எழுந்து நின்றது. ஒத்திகையில் நான் பார்த்ததெல்லாம் பாடகர் குழுவைத்தான். சபை பாடி நான் கேட்டதில்லை. பின் பெஞ்சில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். வயதானவர், ஆனால் குரல் கணீரென்று இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவையும் அவர் இழுத்துப் பிடிப்பார். அவர் மூச்சு எடுத்து அடுத்த வரியைத் தொடும்வரை மற்றவர்களும் இழுத்துக்கொண்டே நிற்பார்கள். யாரும் சொல்லி வைத்தது இல்லை. அந்தச் சபையில் அப்படித்தான் பாடுவார்கள். வாசிக்கிறவர் காத்திருக்க வேண்டும்.

நான் காத்திருக்கவில்லை. அவர்கள் பின்தங்கப் பின்தங்க, விடக்கூடாது என்று பல்லைக் கடித்து அதே வேகத்தில் அடித்தேன். அதைத்தானே அத்தனை நாள் பழகினேன்? ஜெராக்ஸ்காரர் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து மெதுவாகத் தட்டினேன், வேகத்தை விடவில்லை. இரண்டாவது சரணத்தில் பாதிப் பேர் என்னோடு, பாதிப் பேர் அந்த அம்மாவோடு. மூன்றாவது சரணத்தை நான் முடித்தபோது பின் பெஞ்சில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

வெளியே வரும்போது நர்ஸ் அம்மா என்னை நிறுத்தினார்.

“ஏம்பா, பஸ்ஸு புடிக்கணுமா உனக்கு?”

“இல்லீங்கம்மா.”

“பின்ன ஏன் ஓட்டுற? ஆண்டவரு எங்கயும் போகமாட்டாரு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெராக்ஸ்காரர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “தப்பு உங்க மேல இல்ல பிரதர், நான் சொல்லியிருக்கணும்” என்றார். சபைப் பாட்டுக்கு டிரம் வேண்டாம், கிறிஸ்மஸ் அன்று பாடகர் குழு தனியாகப் பாடும் பாட்டுக்கு மட்டும் அடித்தால் போதும் என்று முடிவானது.

கிறிஸ்மஸ் அன்று அந்த ஒரு பாட்டை அடித்தேன். பிசகில்லை. மற்ற பாட்டுகளுக்குக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூச்சு எடுக்கும் முன்பு அவருடைய இடது தோள் கொஞ்சம் உயர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் உயர்ந்தது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

ஆராதனை முடிந்ததும் ஜெராக்ஸ்காரரிடம் போனேன். “இப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சுங்க. அந்த அம்மா தோளைப் பாத்தே அடிச்சிடுவேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுத்துப் பாருங்க.”

அவர் தரையைப் பார்த்தார். “கமிட்டியில பேசி முடிச்சிட்டாங்க பிரதர். டிரம்மும் வாணாம், ரிதமும் வாணாம், பழையபடி ஆர்கன் மட்டும் போதும்னு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

அவர் சொல்லியிருப்பார் என்றுதான் நம்புகிறேன். கை கொடுத்துவிட்டு நடந்தேன். வாசலில் நர்ஸ் அம்மா கேக் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில் ஒன்றை வைத்தவர், முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றையும் வைத்தார்.

“வூட்டுல புள்ளைங்களுக்கு எடுத்துகினு போ.”

“ஆங், சரிங்கம்மா” என்றேன்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன். அம்மையார்குப்பம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.