சோமனூரில் கடலை மணக்கும் பீர்

1996 பிப்ரவரி, ஒரு ஞாயிறு. காலை ஆறரை மணிக்குக் கோவை ரயில் நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்து வந்த களைப்புக்கு நிதானமாக ஒரு காபி குடிக்கலாம் என்று நினைத்து, பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு காந்திபுரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். எனக்குப் பொதுவாகவே கால் தரிக்காது. அன்றைக்கு அதற்கு நியாயமும் இருந்தது. என் கல்லூரி விடுதித் தோழன் சென்னியப்பன் வீட்டிலேயே காய்ச்சிய பீரைக் குடித்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை நம்பி அவன் வேலையை விடப்போகிறான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னியப்பன் கோவையில் ஒரு மில்லில் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். மில்காரர்கள் பயிற்சிக்காக ஆறு மாதம் அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இயந்திரத்தைப் படித்த நேரம் போக, அங்கே 'நட் பிரவுன் ஏல்' என்ற பழுப்பு நிறப் பீரைக் குடித்துவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து அதே பைத்தியம். பெங்களூரில் ஒருவர், தானே பீர் காய்ச்சி விற்கிற கடை ஒன்றைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை சாம்பிளோடு வா, பிடித்திருந்தால் நீதான் காய்ச்ச வேண்டும், ஆனால் உடனே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

இதில் நான் எதற்கு? நான் திருநெல்வேலிக்காரன். விடுதிச் சாம்பாரை நாலு வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியவன். சென்னியப்பனின் பீரைக் குடித்த அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வேலியோரம் ஊற்றியவர்கூட அதையேதான் சொன்னாராம். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தும் என்னை ஒரு நாளும் 'நீ' என்று கூப்பிடாதவன் அவன். அந்த ஊரில் உண்மை கேட்க வேண்டுமானால் வெளியூரிலிருந்துதான் ஆள் வரவழைக்க வேண்டும்.

ஏழேகாலுக்குப் பஸ் கிளம்பியது. சோமனூர் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. நான்கு ரூபாய் டிக்கெட். பீளமேடு, நீலாம்பூர் எல்லாம் தாண்டிக் கருமத்தம்பட்டியில் திரும்புகிற வரைக்கும் நான் ஜன்னல் இருக்கையிலிருந்து இரண்டு முறை இடம் மாறியிருப்பேன். நல்லா இல்லை என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு, நல்லா இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்தியது.

சோமனூரில் இறங்கினால் தறிச் சத்தம். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்த ஊரில் இரண்டு பேர் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரித்தான் பேச வேண்டியிருக்கிறது. சென்னியப்பன் ஸ்கூட்டரோடு நின்றிருந்தான்.

"வாங்க வாங்க. பஸ்ஸுல கூட்டமுங்களா?"

"கூட்டம் கிடக்கட்டும். சரக்கு எங்கே?"

"சித்தெ மெதுவா பேசுங்க" என்று அக்கம்பக்கம் பார்த்தான். வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். அதை அவன் சொல்லித்தான் எனக்கே நினைவு வந்தது.

வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருந்தது. பின்சுவரை ஒட்டி அடுத்த தோட்டக்காரரின் தறிக் கொட்டகை. வாசலில் அவன் மனைவி தனலட்சுமி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சென்னியப்பன் ஸ்கூட்டரை நிறுத்தப் போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, ஒரு ஒதவி பண்ணோணும். எப்படி இருந்தாலும் நல்லா இல்லீன்னு சொல்லிப்போடுங்க."

"எதுக்கும்மா?"

"புள்ள ஆறாவது படிக்குது. எருமை, தோட்டம் எல்லாம் போட்டுப்போட்டு பாஷை தெரியாத ஊருக்குப் போயி என்னங்க பண்றது? நான் சொன்னா சண்டைன்னு நெனைக்கறாருங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

தண்ணீரைக் குடித்து முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கிணற்றிலிருந்து பாட்டில் வந்தது. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தான். கண்ணாடி டம்ளரில் ஊற்றினான். கருப்பட்டிக் காபியின் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சிவப்பு தெரிந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை, கலையாமல் நின்றது. முகர்ந்தேன். முதலில் ரஸ்க் வாசனை, பின்னாலேயே மணலில் வறுத்த நிலக்கடலை. குடித்தேன். இனிப்பு நாக்கில் பட்டதும் விலகிக்கொண்டது. கடலைத் தோலை மெல்லும்போது வருகிற அந்த லேசான துவர்ப்பு வந்தது. கடைசியில் தொண்டையில் வெந்தயத்தை நினைவுபடுத்தும் ஒரு கசப்பு. கிணற்றுக் குளிர்ச்சி, பல் கூசவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை நல்லா இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வது?

"இதுக்கு என்ன கொட்டை போட்டே?"

"அத அப்பறம் சொல்றனுங்க" என்று சிரித்துவிட்டு, இன்னொரு பாட்டில் எடுக்கக் கிணற்றுக்குப் போனான்.

தனலட்சுமி சமையலறை நிலைப்படியில் நின்றாள். "எப்படிங்கண்ணா?"

"நல்லா இருக்கும்மா. நான் என்ன செய்யட்டும்?"

"அதுல என்ன கெடக்குதுன்னு தெரிஞ்சா அப்படிச் சொல்ல மாட்டீங்க" என்றாள் வெடுக்கென்று. "மொதல்ல வறுத்த கடலை போட்டாருங்க. எண்ணெ மெதந்து நுரையே நிக்கல. அப்பறம் எண்ணெ எடுத்த கடலையா வேணும்னு செக்குக்குப் போனாரு. எருமைக்கு வெக்கற புண்ணாக்குங்க அது. வீடு தேடி வந்த ஒறம்பரைக்கு அதத்தான் ஊத்தறாரு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்ன மூளை! எண்ணெய் போன பிறகும் வாசனை மிச்சமிருக்கிற ஒரே பொருள் அதுதானே. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்: "புண்ணாக்கு! அடப்பாவி, சுத்தப் புண்ணாக்கு!"

திரும்பினால் வாசலில் சென்னியப்பன், கையில் ஈரப் பாட்டிலோடு.

அவனுக்கு என் சிரிப்பும் அந்த வார்த்தையும்தான் கேட்டிருக்கின்றன. நம் ஊரில் ஒன்றுக்கும் உதவாததை வேறு எந்த வார்த்தையால் சொல்கிறோம்?

"சரிங்க" என்றான். "மறைக்காம சொன்னீங்க. அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"டேய், நான் சொன்னது அது இல்லை. நீ உள்ளே போட்ட புண்ணாக்கைச் சொன்னேன். பீர் பிரமாதம்டா!"

"பரவால்லீங்க. சாம்பாருக்குச் சொன்ன வாயிங்க அது. இப்ப மாத்திப் பேசறீங்கன்னா, எங்கூர்த் தண்ணி குடிச்சுப்போட்டீங்கன்னு அர்த்தம்."

சத்தியம் பண்ணினேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். இரண்டையும் நான் மரியாதைக்குச் செய்வதாகத்தான் அவன் எடுத்துக்கொண்டான். பெங்களூருக்கென்று பையில் அடுக்கிய பாட்டில்களை எடுத்துப் போய், ஒவ்வொன்றாக எருமைத் தொட்டியில் கவிழ்க்க ஆரம்பித்தான். தொட்டியில் நுரை பொங்கியது. எருமை மூக்கை நுழைத்து உறிஞ்சியது. நான் கையைப் பிடித்தேன், அவன் மெதுவாக விலக்கிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தனலட்சுமி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது நடந்துகொண்டிருந்தது. மூன்று பாட்டில் காலியானதும் இறங்கி வந்தாள். நாலாவதை அவன் கையிலிருந்து பிடுங்கி, தண்ணீர் மோக்கிற சொம்பில் ஊற்றிக் குடித்தாள். அதுவரைக்கும் அவள் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. புரையேறியது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். சொம்பு காலியாகும் வரை சென்னியப்பன் அசையவில்லை. அந்த வீட்டில் அவனை ஒருமுறைகூடப் புகழாத ஆள் அவள்தான்.

"ஏனுங்க, மாட்டுக்கு ஊத்துனது போதும்" என்றாள். "மீதிய எடுத்து வைங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

மூன்று மணிக்கு, மிச்சமிருந்த பாட்டில்களை வேட்டியில் சுற்றிக்கொண்டு சென்னியப்பன் பெங்களூருக்குக் கிளம்பினான். சென்னையில் நாங்கள் 'பிடிக்கவில்லை' என்பதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே ஒரு தடவை வாய் தவறியதற்கு ஒரு மனிதனின் கனவே தொட்டிக்குப் போகப் பார்த்தது.

நான் விடைபெறும்போது தனலட்சுமி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நல்லா இல்லீன்னு நானும் சொல்லிப்போட்டா முடிஞ்சுதுன்னுதாங்கண்ணா வாயில வெச்சேன். முழுங்குனதுக்கப்பறம் சொல்ல வரலீங்க." தண்ணீரை ஓங்கி ஊற்றினாள். "இனி நாந்தானுங்க கன்னடம் படிக்கோணும்."