ஜங்ஷன் அக்காவை விலக்கிவைத்த அறிக்கை

அந்த நகராட்சி அலுவலகத்தில் ஐந்து கணினி மென்பொருள்கள் இருந்தன. சொத்து வரிக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று, கட்டட அனுமதிக்கு ஒன்று, கடை உரிமத்துக்கு ஒன்று. ஐந்தும் ஐந்து ஆணையர்களின் உற்சாகத்தில் வாங்கப்பட்டவை. பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகளைப் போல அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. வரிப் பிரிவில் மாடிவீடாக இருந்த ஒன்று கட்டடப் பிரிவில் இன்னும் காலி மனை. ஆனாலும் செத்தவர் பெயருக்கு ஒரு நோட்டீஸ் போனதில்லை, வீட்டை விற்றவருக்குத் தண்ணீர் பில் போனதில்லை.

காரணம், தலைமை எழுத்தர். கீழ்த்தளத்தில் ஒரு மரணம் பதிவானால், அவர் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக்கொண்டு முதல் மாடிக்குப் போய் வரிப் பிரிவில் மாற்றச் சொல்வார். இரண்டாம் மாடியில் குடிநீர். மூன்றாம் மாடியில் உரிமம். காலை ஒரு சுற்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று, நாலு மணிக்கு ஒன்று. இதைச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டாவது மென்பொருள் வந்தபோது, “ரெண்டு நாளைக்குத்தானே, நானே சொல்லிட்டு வந்துடறேன்” என்று தொடங்கினார். அந்த இரண்டு நாள் பத்தொன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ரயிலும் அவர் வழியாகத்தான் போகிறது என்பதால் அவருக்கு ஜங்ஷன் அக்கா என்று பெயர்.

ஜங்ஷனுக்கு முட்டி போய்விட்டது. “படிக்கட்டா, முட்டியா, ஒண்ணை முடிவு பண்ணுங்க” என்றார் மருத்துவர். அக்கா விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்தார். ஆணையர் நிராகரித்தார். மறு வருடமும் விண்ணப்பித்தார். “நீங்க போயிட்டா இந்த ஆபீஸ் நின்னுடும் மேடம்” என்றார் ஆணையர், விருது கொடுப்பவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு.

ஐந்து மென்பொருள்களும் ஒன்றோடொன்று பேசாதவரை தனக்கு விடுதலை இல்லை என்று அக்காவுக்குப் புரிந்தது. நகராட்சியின் தொழில்நுட்பத் திட்டத்தை வகுக்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை நியமிக்கலாம் என்று அவரே குறிப்பு எழுதினார். அந்தக் கோப்பு மூன்று மாடிகளையும் சுற்றிவரப் பதினான்கு மாதமாயிற்று. சுமந்து ஏறியதும் அவரே.

ஆலோசகர் வந்தார். நாற்பது வயதிருக்கும், முதுகில் பை, எதையும் நம்பாத கண்கள். முதல் நாளே, போன வருடம் இறந்த நானூறு பேரின் பெயர்களை எடுத்து ஐந்து மென்பொருள்களிலும் தேடினார். எல்லா இடத்திலும் பெயர் ஒழுங்காக மாற்றப்பட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

“இந்த அஞ்சையும் நடுவுல இணைச்சது யாருங்க? இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. எந்தக் கம்பெனி?”

குடிநீர்ப் பிரிவு எழுத்தர் பேனாவால் வாசலைக் காட்டினார். “அதோ, முட்டியப் புடிச்சுக்கிட்டுப் படியேறுது பாருங்க, அந்தக் கம்பெனிதான்.”

ஆலோசகருக்கு விழுந்த முதல் அடி அது. எட்டு நாள் அவர் அக்காவின் பின்னாலேயே குறிப்பேட்டோடு அலைந்தார். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது.

“லிஃப்ட் இல்லையாம்மா?”

“இருக்கே. உள்ள பழைய கோப்பு வச்சிருக்கோம்.”

எந்தத் தெருவின் எண்கள் இரண்டு முறை மாறின, எந்த எழுத்தர் சீட்டை வாங்கி மேசைக்கு அடியில் போட்டுவிடுவார், அவரிடம் எத்தனை முறை நினைவூட்ட வேண்டும், எல்லாவற்றையும் அக்கா ஒளிக்காமல் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் ஆலோசகர்தான். அக்காவுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை வந்தது. நகர்மன்றக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் வாசித்த அக்கா, முப்பத்தேழாம் பக்கத்தில் நின்றுபோனார்.

‘நகராட்சியின் தகவல் அமைப்பில் உள்ள மிகப் பெரிய ஆபத்து தலைமை எழுத்தர். முதற்கட்டமாக அவரைத் தொண்ணூறு நாட்களுக்கு அனைத்துப் பிரிவுகளிலிருந்தும் விலக்கிவைக்க வேண்டும். அவரிடம் எவரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. எங்கெங்கே உடைந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.’

அவர் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். “நல்லதுதானே? நீ கேட்ட விடுதலை இதுதானே?”

“விடுதலைதான் கேட்டேன். வியாதின்னு பேர் வைக்கச் சொல்லலயே.”

“போகணும்னு மூணு வருஷமா அழுதே. இப்போ போன்னா அழறே.”

“நான் போறது வேற. துரத்தறது வேற.”

மறுநாள் ஆலோசகரைப் படிக்கட்டில் மடக்கினார். “எட்டு நாள் என் கூடவே நடந்தீங்களே தம்பி. ஆபத்துன்னு எழுதக் கை எப்படி வந்துச்சு?”

“அம்மா, நீங்க நல்லா வேலை செய்றதுதான் பிரச்சினையே. நீங்க தாங்கிப் புடிச்சிருக்கிற வரைக்கும் ஓட்டை எங்கன்னே தெரியாது. தெரியாத ஓட்டைய யாரு அடைப்பா?” குரலைத் தாழ்த்தினார். “மனசு கஷ்டமா இருந்தா அந்தப் பக்கத்த மட்டும் வாசிக்காம விட்டுடுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அப்படிச் செய்ய முடியும். அந்த மன்றத்தில் எந்த அறிக்கையும் தலைமை எழுத்தர் உரக்க வாசித்தால்தான் செல்லும். ஒரு காலத்தில் உறுப்பினர்கள் படிக்காமலே எதையோ நிறைவேற்றிவிட்டுப் பெரிய வம்பானதில் வந்த விதி. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அவர் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். யாராவது ‘மறுப்பு’ என்றால் விவாதம். யாரும் சொல்லாமல் பக்கம் திரும்பிவிட்டால் அது ஏற்கப்பட்டது. திரும்பிப் போக வழியில்லை. வாசிக்காத பக்கம் இல்லாத பக்கம். உறுப்பினர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக வந்த விதியால், அதன்பின் எந்த உறுப்பினரும் எதையும் படிக்கவில்லை.

முப்பத்தேழை விட்டுவிட்டால் மானம் தப்பும். ஆனால் இனிப் போடப்போகும் மூன்றாவது விண்ணப்பமும் குப்பைக்குப் போகும்.

கூட்ட நாளன்று முப்பத்தாறு பக்கம்வரை மன்றம் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தது. முப்பத்தேழின் முதல் வரியை அக்கா எப்போதும் போல, ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். ‘மிகப் பெரிய ஆபத்து தலைமை எழுத்தர்.’

ஒரு கைப்பேசி தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மன்றத் தலைவர் குவளையை இறக்க மறந்து, உதட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எதிர்க்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் கையைத் தூக்கினார். அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது. எழுதிய ஆலோசகரே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா கடைசி வரிவரை போனார். வழக்கமான ஒரு மூச்சு நிறுத்தினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘மறுப்பு’ வரவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.

பிறகுதான் மன்றத்துக்கு உயிர் வந்தது.

“யாரு ஆபத்து? எங்க அக்காவா? இந்தாளு நம்மளக் கேணையன்னு நெனச்சுட்டானா?”

“அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடும்மா!” என்றார் தலைவர்.

“திருப்பியாச்சு ஐயா. முப்பத்தெட்டுல இருக்கோம்.”

“நீயே உன்னப் பத்தி வாசிச்சுட்டு, நீயே திருப்பிட்டியே!”

“வாசிக்கிறதும் திருப்பறதும்தானே ஐயா என் வேலை” என்றார் அக்கா. முப்பத்தெட்டாம் பக்கம் சற்று மெதுவாகவே போயிற்று.

தொண்ணூறு நாளைக்கு அவரைச் சாலைக்கு எதிர்ப்புறமிருந்த பூங்காப் பிரிவில் உட்கார வைத்தார்கள். மண்வெட்டி, ரப்பர் குழாய், ஒரு மேசை. படிக்கட்டு கிடையாது. மூன்றாம் நாளே எதிரே சத்தம் கேட்டது. அப்பாவைப் பறிகொடுத்து ஒரு வாரமாகாத ஒருவர், அப்பா நேரில் ஆஜராக வேண்டும் என்ற நோட்டீஸோடு வந்து மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் தலைவர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டித்தார்கள். கட்டடப் பிரிவின் கணக்கில் அங்கே வீடே இல்லை. ஊர் அதிர்ந்தது. மற்றப் பிரிவுகளிலிருந்து வந்த சுற்றறிக்கைகளை எழுத்தர்கள் முதல் முறையாகப் படித்தார்கள்.

ஆணையர் பூங்கா வாசலில் வந்து நின்றார். “ஒரே ஒரு கேள்வி மேடம்.”

“கேக்கக் கூடாது சார். தீர்மானம்.”

“அப்ப தலையையாவது ஆட்டுங்க.”

அக்கா தலையைக்கூட ஆட்டவில்லை. அன்று அவருக்கு உள்ளூர இனித்தது.

இருபதாம் நாள் வாக்கில் ஐந்து பிரிவு எழுத்தர்களும் மேசைகளை இழுத்து ஒரே அறையில் போட்டுக்கொண்டு, ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்துத் திட்டிக்கொண்டார்கள். ஆலோசகர் நடுவில் உட்கார்ந்து எதையோ இணைத்தார். ஐம்பதாம் நாள் சத்தம் குறைந்தது. எழுபதாம் நாள் ஜன்னல் வழியே பார்த்த அக்காவுக்கு, இந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்காதது உறைத்தது. குடிநீர்ப் பிரிவு எழுத்தர் எதிரே வந்தபோது “கேள்வி ஏதும் இருக்கா?” என்று அக்காவே கேட்டார். “இல்லக்கா, எல்லாம் ஓடுது” என்று அவர் போய்விட்டார்.

தொண்ணூற்றோராம் நாள் அக்கா மூன்றாவது விண்ணப்பத்தோடு ஆணையர் அறைக்குப் போனார். சொல்ல வேண்டியதையெல்லாம் வழியிலேயே மனசுக்குள் அடுக்கியிருந்தார்: முட்டி, மருத்துவர், முப்பத்தொரு வருடச் சர்வீஸ். ஆணையர் தொலைபேசியில் யாரோடோ பேசிக்கொண்டே தாளை வாங்கி, கையெழுத்துப் போட்டு, நீட்டினார். பேச்சு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு, “வேற ஏதாவது இருக்கா மேடம்?” என்றார்.

வேறொன்றும் இல்லை.

கீழே கணவர் காத்திருந்தார். “என்ன சொன்னாரு?”

“குடுத்துட்டாரு.”

“அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

அக்கா தாளை அவரிடம் காட்டினார்.

“கேட்டதும் குடுத்துட்டாருங்க.”