ஆசாத் கோடு போட்ட ஏழு வார்த்தைகள்

போன செவ்வாய்க்கிழமை ஆசாத் சிரித்த முகத்தோடு வந்து என் மேஜைமேல் ஒரு பிரிண்ட் அவுட்டை வைத்தார். ஏழு வார்த்தைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. "மேடம், மீனிங் ப்ளீஸ்..."

கோடு போடச் சொன்னது நான்தான். மேற்குத் தாம்பரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன், உங்களுக்குத் தெரியும். பிரவுசிங் சென்டருக்குப் போங்கள், நண்பர்கள் எழுதுவதைப் படியுங்கள், புரியாத வார்த்தைக்குக் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள் — இதுதான் என் வீட்டுப்பாடம். இணையத்தில் எங்கள் வகுப்புக்கென்றே ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் உண்டு. மாடர்ன் டீச்சராயிற்றே!

ஆசாத் ஈராக்கிலிருந்து படிக்க வந்த குர்து இளைஞர். மாதக் கடைசியில் கல்லூரி நேர்முகத் தேர்வு. ஆங்கிலத்தில் பேசினால் சீட். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தப்பாகப் பேச வெட்கப்படாத ஒரே மாணவர் அவர். வார்த்தை வராவிட்டால் நெஞ்சில் கை வைத்து நிற்பார், வந்ததும் தொடர்வார். நம் பிள்ளைகள்? இலக்கணமெல்லாம் தெரியும், வாயைத்தான் திறக்க மாட்டார்கள்.

தாளைப் பார்த்தேன். எங்கள் குழுவில் மற்ற மாணவர்கள் எழுதியது. அம்மா ரொட்டி சுடுவதைப் பற்றி வகுப்பில் அவர் பேசியதை, தடுமாறிய இடமெல்லாம் புள்ளி வைத்து டைப் செய்திருந்தார்கள். கீழே வரிசையாகக் கிண்டல். கோமாளி, மக்கு... இப்படி ஏழு.

அர்த்தம் சொல்லத்தானே ஃபீஸ் வாங்குகிறேன்? சொன்னேன். ஒவ்வொன்றையும் தன் மொழியில் பக்கத்தில் எழுதிக்கொண்டார். நான்காவது வார்த்தையில் பேனா நின்றது.

மறுநாள் வகுப்பில் கத்தித் தீர்த்தேன். பல்லாவரத்துக் கார்த்திக் எழுந்தான். "சும்மா கலாய்ச்சோம் மேடம். அவருக்கு இன்னா புரியப்போவுதுன்னு நெனச்சோம்..."

புரியவைத்தவள் நான்.

ஆசாத் இப்போதும் வருகிறார். முதல் பெஞ்ச்தான். கேள்வி கேட்டால் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். பேசுவதில்லை. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

கார்த்திக்கைத் திட்டிவிட்டு இந்தப் பத்தியை முடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளின் கடைசியில் என் பெயர் இருக்கிறது. பக்கத்தில், நான் போட்ட ஒரு சிரிப்புப் பொம்மை. அவசரத்தில் போட்டது, பாதிதான் படித்தேன் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அதற்கு மட்டும் அவர் கோடு போடவில்லை. டீச்சரே சிரித்திருக்கிறார், பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நம்பி வந்திருக்கிறார்.