ஸாஃபி மாஃபி

விலைச்சீட்டு என்பது ஒரு யோசனை மட்டுமே. அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. குவைத்தின் பளபளக்கும் மால்களில், கோட்டு போட்ட விற்பனையாளரிடம் "கடைசி விலை சொல்லுங்க" என்று நான் ஆரம்பித்தவுடன் என் மகள் நகர்ந்து யாரோ ஓர் அந்நியக் குடும்பத்தோடு போய் நின்றுகொள்கிறாள். நிற்கட்டும். அவள் வயதில் நானும் அப்படித்தான் நின்றேன். மராக்கேஷ் சந்தையில், என் உம்மாவுக்குப் பின்னால், முடிந்தவரை தள்ளி.

நாங்கள் மொராக்கோ போனதைச் சுற்றுலா என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் நாங்கள் போயிருக்க வேண்டியது கீழக்கரைக்கு, சாச்சியின் கல்யாணத்துக்கு. உம்மாவுக்கு அவள் ஒரே தங்கச்சி. ஆனால் வாப்பாவின் கஃபீல், அதாவது எங்கள் விசா யார் கையில் இருந்ததோ அந்த முதலாளி, மராக்கேஷில் ஒரு வீடு கட்டியிருந்தார். அதற்கு ஏசி மாட்ட வாப்பாதான் வேண்டுமாம். கல்யாணத்துக்கு லீவு மாஃபி, கிடையாது. வாப்பா கேட்டுப் பார்த்தார். உம்மா என்றுமில்லாத துணிச்சலோடு கஃபீலின் மனைவிக்கே போன் போட்டுக் கேட்டாள். மாஃபி என்றால் மாஃபி. மனிதர் கல்நெஞ்சக்காரர் என்றும் சொல்ல முடியாது. பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ என்று எங்களுக்கும் டிக்கெட் எடுத்துத் தந்தார். குவைத்தின் மங்காஃபில் பாதி ஃபிளாட்டை இன்னொரு குடும்பத்துக்கு விட்டிருந்த நாங்கள் இப்படித்தான் உல்லாசப் பயணிகள் ஆனோம்.

"கல்யாணத்துலதான் நிக்க முடியல. அவ வீட்டுல எரியிற வெளக்காச்சும் நான் வாங்குனதா இருக்கட்டும்" என்றாள் உம்மா.

விளக்கையும் கண்டுபிடித்துவிட்டாள். பித்தளைத் தகட்டில் பூப்பூவாகத் துளை போட்டது. ஏற்றினால் சுவர் முழுக்கப் பூ விழும். கடைக்காரர் நரைத்த மீசையும் நீள அங்கியுமாக இருந்தார். நானூறு திர்ஹம் என்றார். உம்மா நூற்றைம்பது என்றாள். வாப்பா, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றார். அவர் மானமுள்ள மனிதர்.

மொழிபெயர்ப்பாளர் பதவி என்னிடம் வந்தது. பள்ளியில் அரபுப் பாடத்தில் நான் கெட்டிக்காரி. ஆனால் புத்தக அரபியைக் கொண்டு சந்தையில் பேசுவது, செய்யுள் நடையில் கத்தரிக்காய் வாங்குவது போல. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உம்மா என்னை நம்பவே இல்லை. "வாஜித் காலி", ரொம்ப விலை, என்ற தன் மங்காஃப் அரபியை வைத்தே போரை நடத்தினாள். அவர் முந்நூறுக்கு வந்தார். நூற்றைம்பது. இருநூற்றைம்பது, என் பிள்ளைகள் மேல் ஆணை என்றார். நூற்றைம்பது. நூற்றைம்பதிலிருந்து அவள் ஓர் அங்குலம் நகரவில்லை. பேரம் என்றால் நாமும் கொஞ்சம் ஏற வேண்டும் என்ற அடிப்படை மரியாதைகூட இல்லாமல், கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

கடைக்காரர் விளக்கோடு பின்னால் ஓடிவந்தார். "ஸாஃபி, லல்லா, ஸாஃபி!"

லல்லா என்றால் அந்த ஊர் அம்மணி. உம்மா நின்றாள். வளைகுடாவில் ஸாஃபி என்றால் மீன். நம் ஊரில் ஓரா என்போமே, அது. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுச் சட்டியில் கொதித்தது.

"பாத்தியா புள்ள, வெளக்கோட மீனையும் சேத்து நம்ம தலையில கட்டப் பாக்குறான்" என்றவள், அவரிடம் திரும்பி விரலை ஆட்டினாள். "ஸாஃபி மாஃபி!"

அவர் முகம் வாடியது. நூற்றிருபது என்றார். ஸாஃபி?

"மாஃபி!"

"உம்மா, ஸாஃபின்னா சுத்தமானதுன்னு அர்த்தம். எங்க புக்குல இருக்கு."

"எந்த மீன்காரன் அழுகுனதுன்னு சொல்லி விப்பான் புள்ள?"

நூறு என்றார் அவர், ஏறக்குறைய அழுகிற குரலில். மீன் எதுவும் கண்ணில் படாததால் உம்மா நூறைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொண்டாள். டீக்கடையில் போய் வாப்பாவிடம் வெற்றியை விவரித்தபோது அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். கஃபீல் வீட்டு வேலையாட்களிடம் அவர் அந்தச் சொல்லைப் படித்திருந்தார்.

"இந்த ஊருல ஸாஃபின்னா சரி, முடிஞ்சதுன்னு அர்த்தம். நீ கேட்ட வெலைக்கு அவன் முதல்லயே சம்மதிச்சிட்டான். நீதான் மாஃபி மாஃபின்னு அவன் கழுத்த அறுத்திருக்க!"

நானும் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை.

"நான் சொன்னதுக்குச் சரின்னா சொன்னான்?"

"ஆமா."

"மாஃபின்னே கேட்டுப் பழகுன காதுல அது விழலையே" என்று எழுந்தாள்.

"ஏ, எங்க போற? நமக்கு லாபந்தானே, பேசாம உக்காரு."

"நான் கேட்டது நூத்தம்பது" என்றாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் திரும்பி வருவதைப் பார்த்த கடைக்காரர், மிச்சமிருந்த விளக்குகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். உம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஐம்பது திர்ஹத்தை அவர் முன்னால் வைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, விளக்கைக் காட்டி, பணத்தைக் காட்டி, தானே கேட்டாள்.

"நூத்தம்பது. ஸாஃபி?"

அவர் பணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஸாஃபி, லல்லா."

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு" என்றாள் என்னிடம். நான் செய்யுள் நடையில் கேட்டேன். அவர் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் நான் அவளிடம் கணக்குப் பேசினேன். ஐம்பது திர்ஹம் போச்சு, ஜெயித்த ஆட்டத்தில் போய் யாராவது தோற்பார்களா, வாப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று. உம்மா விளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருவை அடைத்துக்கொண்டு நடந்தாள். வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தோற்றுவிட்டு ஒருத்தி ஏன் இப்படி நடக்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.