கும்பத்தடியில் ஒரு பெட்டிச் சன்னம்

எங்கள் வீட்டில் ஒரு நவராத்திரிக்குச் சரஸ்வதியின் பக்கத்தில் மூன்று நாள் துவக்குச் சன்னங்கள், அதாவது வேட்டைத் தோட்டாக்கள், இருந்தன. பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தது. இதைப் பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். ஆகையால் சொல்லாமல் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் ஒரு பழைய பங்களாவில் இருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்டில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. பக்கத்து வீட்டில் ஒரு கியூபெக் கிழவர் இருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் ‘மிசியே’, பிரெஞ்சில் ‘ஐயா’, என்றுதான் கூப்பிடுவோம். மாமா அவருடைய வாசலில் பனி வழித்துக் கொடுக்கப்போய்ப் பழக்கமானார். மிசியே அவருக்கு முதலில் கோப்பி கொடுத்தார், பிறகு வேட்டைக் கதைகள் சொன்னார், கடைசியில் தன் பழைய மக்னம் துவக்கையே விற்றுவிட்டார். மாமா அதற்காக வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப் பத்திரமும் எடுத்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவர் எழுதித் தேறிய பரீட்சை அது ஒன்றுதான். சாமியறையில் மாட்ட வேண்டிய பத்திரம் என்று அப்பா சொன்னார். அம்மா அதைப் பார்க்கவும் மறுத்துவிட்டார்.

அம்மாவின் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால், “வெடிச் சத்தம்” என்பார். அதற்கு மேல் கதை வராது. துவக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அது மிசியே வீட்டு இரும்பு அலுமாரியில் பூட்டிக் கிடந்தது.

“மானுக்குத்தானே அக்கா சுடுறது. ஒரு வெடி, அவ்வளவுதான்.”

“ஒரு வெடியோட நிண்டதை நான் என்ர சீவியத்தில காணேல்லை” என்றார் அம்மா.

மாமா அந்த ஒரு வெடியையும் முந்திய வருடம் தவறவிட்டிருந்தார். மூஸ் என்பது மான் சாதிதான், ஆனால் குதிரையைவிட உயரம். அது ஏரிக்கரையில் வந்து நின்றும், மாமாவின் குண்டு எங்கேயோ போய் ஒரு மரத்தில் ஏறியது. அவர் புறப்படுவதற்கு முன்பே ஊர் முழுக்க இறைச்சி தருவதாகச் சொல்லிவைத்த மனிதர். அதன்பிறகு எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் யாராவது வந்து, “என்ன மூஸ், இறைச்சி இன்னும் நடந்தோ வருது?” என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினையும் ஒன்று இருந்தது. வேட்டைக்குழுவின் மரக்குடிலில் நாலு பேருக்குத்தான் இடம். மாமாவின் இடத்தைத் தன் மருமகனுக்குத் தரும்படி குழுவில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மிசியே தன் பேச்சை அடகு வைத்து மாமாவுக்கு இன்னொரு வருடம் வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த முறையும் தவறினால் குடிலும் இல்லை, காடும் இல்லை, மண்டபத்தில் முகமும் இல்லை.

கடையில் வாங்கும் சன்னம் அந்தத் துவக்குக்கு ஒத்துவரவில்லை என்பது மிசியேயின் தீர்ப்பு. அவருடைய பழைய கருவிகளைப் பேஸ்மென்டுக்குக் கொண்டுவந்து, மாமா தானே சன்னம் செய்யத் தொடங்கினார். மேசையில் பூட்டிய கைப்பிடி இயந்திரத்தை முதல்நாள் பார்த்த அம்மா, “இடியப்ப உரலோ?” என்று ஆசையோடு கேட்டார். விளக்கம் கிடைத்தபின் இரண்டு நாள் வீட்டில் இடியப்பமும் இல்லை, பேச்சும் இல்லை. கடைசியில் பகலில் மட்டும், கதவைப் பூட்டிக்கொண்டு, வெறும் பித்தளை வேலை என்ற அளவில் சமாதானம் ஆனது.

விடுமுறை நாட்களில் நான் கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து பார்ப்பேன். வெடித்துத் தீர்ந்த பித்தளைக் கோதுகளை மாமா அந்த இயந்திரத்தில் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். அடியில் தீப்பொறி கொடுக்கும் புதிய கேப் பொருத்துவார். பிறகு வெடிமருந்தைச் சிறிய தராசில் நிறுத்து, புனல் வழியாக ஒவ்வொரு கோதிலும் விடுவார். கடைசியில் செப்புத் தோல் போர்த்த குண்டை வாயில் இருத்தி ஒரே அமுக்கு. எங்கள் வீட்டுக் கறிக்கு உப்பைத் தொலைவில் நின்று எறிகிற மனிதர், தராசு முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் மருந்தைத் திருப்பிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார். அந்த நேரத்தில் நான் தும்மக்கூட மாட்டேன். மருந்து கூடினால் துவக்கே வெடிக்கும் என்று சொல்லியிருந்தார்.

புரட்டாசி பிறந்ததும் அம்மா குத்துவிளக்குகளைப் புளி போட்டு மினுக்க உட்கார்ந்தார். மாமா கரி பிடித்த கோதுகள் நிறைந்த சட்டியை அருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றை எடுத்துத் தேய்த்தார். வேண்டுமென்றே அலங்கோலமாகத் தேய்த்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“பித்தளை மினுக்கிறது உப்பிடியே? விடு, விடு. உனக்கு ஒரு அலுவலும் நேராச் செய்யத் தெரியாது.”

அம்மா சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அழுக்குப் பித்தளையை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாம் மினுங்கி முடிந்ததும் ஒவ்வொரு கோதையும் கவிழ்த்துத் தட்டி, துவாயில் பரப்பினார்.

“நல்லாக் காய விடு. ஈரம் இருந்தா வெடியாது.”

எல்லா அம்மாமாருக்கும் இது தெரியும் என்று நான் நினைத்தேன்.

மாமா புதிய சன்னங்களைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார். மூன்று ஓட்டைகளும் ஒரு தோடம்பழத்துக்குள் அடங்குகிற தாளைக் கொண்டுவந்து காட்டினார். மீதிச் சன்னங்களைப் பெட்டியில் அடுக்கினார். அந்தப் பூரிப்பில்தான் அந்தப் பிழையைச் செய்தார்.

நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு உரியவை. என் பாடப்புத்தகங்கள், அப்பாவின் குறடு, அம்மாவின் தையல் கத்தரிக்கோல் எல்லாம் கும்பத்தடிக்குப் போய்விடும். மாமாவுக்குச் சாமி விஷயத்தில் அவ்வளவு பழக்கம் கிடையாது. புதன்கிழமை மாலை பெட்டியோடு வந்து நின்றார்.

“அக்கா, இதையும் வையுங்கோ.”

“சரஸ்வதிக்கு முன்னால உதையோ?”

“எனக்கு இதுதானே அக்கா படிப்பு.”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை வாங்கி, என் புவியியல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு மாலைப் பூசையோடு விஷயம் முடிந்துவிடும் என்று மாமா நினைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாசலில் மிசியேயின் ட்ரக் இரைந்துகொண்டு நின்றது. உள்ளே சண்டை.

“தொட்டுப் பார், கையை முறிப்பன்” என்றார் அம்மா.

“விடிய வேட்டை துடங்குது அக்கா! ஆறு மணித்தியால ஓட்டம். இப்ப வெளிக்கிடாட்டி இரவுக்குள்ள போய்ச்சேர ஏலாது.”

“வைக்காதை எண்டு சொல்ல ஆர் கேட்டது? வச்சதை நவமி முடியாம எடுக்கிறேல்லை. நாளைக்கு விஜயதசமி. நாளைக்குப் பூசை முடிய எடு.”

“கடையில வாங்கினா அந்தத் துவக்கு சுடாதணை!”

“அப்ப போகாதை.”

துவக்குச் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சண்டை பிடித்த அம்மா, இப்போது சன்னம் வெளியே போகக்கூடாது என்று கதவை மறித்து நின்றார். மாமா அழுதுவிடுவார் போல இருந்தது. ஹோர்ன் அடித்துக் களைத்த மிசியே இறங்கி வந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவரை உட்காரவைத்து ஒரு கிண்ணம் கடலை கொடுத்தார்.

நான் குசினிக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது, பெரியம்மா வருடம்தோறும் அனுப்புவது. நவமி முடிகிற நேரம் சனிக்கிழமை அதிகாலை ஒன்று பத்து என்று அதில் இருந்தது. அந்த மாதம்தான் எங்கள் ஆசிரியை, பூமி சுற்றுவதையும் நாட்டுக்கு நாடு நேரம் மாறுவதையும் படிப்பித்திருந்தார்.

“அம்மா, இது பெரியம்மான்ர நேரம்.”

“என்ன விசர்க்கதை?”

“நீங்கள் பெரியம்மாவுக்குப் போன் எடுக்கேக்க, இஞ்ச மத்தியானம் எண்டா அங்க என்ன நேரம்?”

“இரவு ஒன்பதரை” என்றார் அம்மா, யோசிக்காமலே. ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தை அவர் நாள்தோறும் விரலில் வைத்திருந்தவர்.

“அங்க சனிக்கிழமை விடியப்புறம் ஒண்டு பத்து எண்டா, இஞ்ச இண்டைக்குப் பின்னேரம் மூண்டு நாப்பது. நவமி எல்லா இடத்திலயும் ஒரே நேரந்தான் முடியும். எங்கட மணிக்கூடு மட்டுந்தான் வேற.”

அம்மா என்னையும் நாட்காட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“புத்தகத்தில இருக்கோ?”

“ஓம். ஆனா புத்தகம் கும்பத்தடியில கிடக்கு.”

அத்தாட்சியும் சரஸ்வதியின் கையில் அகப்பட்டுக் கிடந்தது. மாமா தலையில் கைவைத்தார். அம்மா என்னைச் சாமிக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, “இவவுக்கு முன்னால சொல்லு” என்றார். சொன்னேன். அவர் கோயிலுக்குப் போன் எடுத்து ஐயரிடம் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்போடு நின்ற அம்மா, ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் சொல்லை எடுத்துக்கொண்டார்.

“சரி. மூண்டு நாப்பது வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது.”

நாங்கள் எல்லோரும் மைக்ரோவேவின் பச்சை எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடலையோடு மிசியேயும் பார்த்தார். நேரம் வந்ததும் அம்மா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

“ஐயோ அக்கா, தள்ளிப் பிடியுங்கோ! உள்ளுக்கு மருந்து!”

“எனக்குத் தெரியாதே? வாயை மூடிக் கும்பிடு.”

முதலில் என் புத்தகம்தான் வெளியே வந்தது. வாசிக்கச் சொன்னார். பூமியின் சுழற்சி பற்றிய பக்கத்தைப் பிரெஞ்சில் சத்தமாக வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டார். மிசியே “த்ரே பியான்!” என்று பாராட்டிக் கைதட்டினார். அதன் பிறகுதான் மாமாவின் கைக்குப் பெட்டி போனது. சந்தனப் பொட்டோடு ட்ரக் புறப்பட்டது. வீதி முனை திரும்பும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்கள்.

ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா! விழுந்திட்டுது! பெரிய கிடாய்!”

அப்பா கத்தினார், நான் சோபாவில் ஏறிக் குதித்தேன். அம்மா மட்டும் கையை உயர்த்தி எங்களை அடக்கினார்.

“எத்தினை வெடி?”

“ஒண்டு.”

“ஒண்டுதானோ? வடிவாச் சொல்லு.”

“ஒண்டுதான் அக்கா. பேந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில குருவியள் திரும்பக் கத்தத் துடங்கிட்டுது.”

அம்மா கதிரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசல் தேர்த்திருவிழா போல இருந்தது. கலியாண மண்டபத்தில் மாமாவைப் பகிடி பண்ணின அத்தனை பேரும் வெறும் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மூஸ் கொதித்த வாசம் மூன்று வீடு தாண்டிப் போனது. “இது மாட்டுச் சாதியோ, மான் சாதியோ?” என்று ஒரு அன்ரி சந்தேகத்தோடு கேட்டார். “மான் குடும்பம் அன்ரி, விஞ்ஞானத்தில இருக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மிசியே உறைப்பில் முகம் சிவந்துபோய், குடிலில் அந்த இடம் இனி மாமாவுக்குத்தான் என்று எழுந்து நின்று அறிவித்தார். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, “நேரத்தைத் திருத்தின விஞ்ஞானி!” என்று வீடு முழுவதும் சுற்றினார். நான் படிக்கத்தான் பிறந்தவன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அம்மா ஒவ்வொரு கோப்பைக்கும் கறி அள்ளிப் போடும்போது ஒரே வசனத்தைச் சொன்னார்: “ஒரே ஒரு வெடிதான்.” சொல்லிவிட்டு, அகப்பையைப் பிடித்த கை அப்படியே நிற்க, தலையைச் சற்றுச் சாய்த்து ஒரு கணம் காது கொடுத்து நிற்பார். அடுத்த சத்தம் எதுவும் கேட்காது. பிறகு முகம் மலர்ந்து அடுத்தவரின் கோப்பையை வாங்குவார். தம்பியின் குறியைச் சொல்லிப் பெருமைப்படுகிறார், சனம் பாராட்டுவதற்காகத்தான் அந்த இடைவெளியை விடுகிறார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன். அதனால் மாமாவின் தோளில் இருந்தபடி, ஒவ்வொரு முறையும் அம்மா நிறுத்துமிடத்தில் நான் பலமாகக் கைதட்டினேன்.