புதருக்கடியில் வைத்த பொறி

தாராவியில் எனக்குத் தகரப் பட்டறை. எலிப்பொறி செய்வேன். மாட்டுங்காக்காரர் ஒருவர், காலேஜில் பாடம் நடத்துகிற சார், நாற்பது பொறி வாங்கினார். மணாலிக்கு மேலே மலை எலியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவாராம். கதவு மக்கர் பண்ணினால் சரிசெய்ய என்னையும் கூட்டிப்போனார்.

பனி பாதி உருகிய மலை. சார் கயிறு பிடித்துக் கோடு போட்டார். பத்தடிக்கு ஒரு பொறி. வெட்டவெளி. காற்று பனியைச் சுரண்டிக்கொண்டு போயிருந்தது. தரை கல்லாக உறைந்து கிடந்தது. புல்கூட இல்லை. மூன்று நாளில் ஒரு எலியும் விழவில்லை.

நாலாம் நாள் சார் ஒரு பொறியைக் காலால் தள்ளினார்.

"ஒன் பொறி சரியில்லப்பா. ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதப் போறேன்."

இருபது வருஷமாக நான் செய்கிற பொறி.

"பொறி நல்லாத்தான் இருக்கு சார். வச்ச எடந்தான் கோளாறு. எலி நடுரோட்டுலயா நடக்கும்? செவுத்த ஒரசிக்கிட்டுல்லா போவும்."

"இது ஒங்க தாராவி எலி இல்ல."

"குளுரு அதுக்கும் குளுருதான சார்."

கூட வந்த மாணவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

சரிவில் குட்டைப் புதர்கள் இருந்தன. மேலே பனி கூரைபோல நின்றது. கையை உள்ளே விட்டேன். வெளியில் இருந்த குளிர் அங்கே இல்லை. மண் இளகியிருந்தது. கடித்த தண்டுகள், புழுக்கை. படித்த கூட்டம் மூன்று நாளாக இதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போய்வந்தது.

ஆறு பொறிகளை உள்ளே வைத்தேன். வெறும் தகரம் குளிரில் எலியைக் கொன்றுவிடும். பொறிகள் நசுங்காமல் இருக்க இடையில் திணித்துக் கொண்டுவந்த தையல்கடை வெட்டுத்துணியை ஒவ்வொன்றிலும் போட்டேன்.

மறுநாள் காலை நாலு பொறியில் எலி. உயிரோடு.

சார் குனிந்து பார்த்தார்.

"ஆனா இதெல்லாம் கோட்டுல இல்லையேப்பா. கணக்குல சேத்துக்க முடியாது."

நோட்டில் சைபர் போட்டார்.

"பொறி சார்?"

"அதப்பத்தி ஒண்ணும் எழுதல, போ."

நாலு கதவையும் திறந்தேன். நாலும் புதருக்குள்ளேயே ஓடின. சார் போட்ட கோட்டுப் பக்கம் ஒன்றுகூடத் தலைவைக்கவில்லை. அதுகள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.