கேம் பெட்டியில் ஒரு முகூர்த்தம்

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பு நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிய கேம் கன்சோல். அதில் அவர் கார் ஓட்டி விளையாடிய காலமெல்லாம் போய்விட்டது. கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில் ஒரு பொத்தான் உள்ளே போனால் தானாக வெளியே வராது, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஆனாலும் அதைத் தூக்கிப் போட விடமாட்டார். டிவியும் பழசுதான், பென் டிரைவ் செருக அதில் இடமே கிடையாது. ஆகவே எந்தப் படம் பார்ப்பதென்றாலும் பென் டிரைவை இந்தப் பெட்டியில் செருகி, அது மனமிரங்கிக் காட்டினால்தான் உண்டு. புது டிவி பேச்சை எடுத்தால், "ஆகத்தெ, ஆகத்தெ, எல்லாம் இதுலயே ஓடும்" என்பார். மார்டள்ளி என்கிற எங்கள் தமிழ்க் கிராமத்திலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் கன்னடத்திலிருந்து அவர் முழுதாகக் கற்றுக்கொண்டது இந்த 'ஆகும், ஆகும்' ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றும். சொல்வது அவர், ஓட வைப்பது நான்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் காட்டுவதற்காக என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, சின்னவன் கல்யாணப் படம் உங்ககிட்ட இருக்குதாமா? தாலி கட்டறத மட்டும் ஒருக்கா பாத்துட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கொள்ளேகால் மண்டபத்தில் என் கொழுந்தன் தாலி கட்டியபோது அத்தை மண்டபத்துக்குள் இல்லை. மாமா இறந்துவிட்டதால், முகூர்த்த நேரத்தில் மேடைப்பக்கம் இருக்கக்கூடாது என்று அவராகவே சாப்பாடு போடுகிற பந்திக்கட்டுக்குப் போய் இலை எண்ணிக்கொண்டிருந்தார். அவராகவே போனார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா நிற்க வேண்டிய இடத்தில், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நான் நின்றேன்.

போனில் காட்டினால் எல்லாம் எறும்பு மாதிரி தெரிகிறது என்றார். என் லேப்டாப்பில் பாதித் திரை செத்துவிட்டது. அதை டிவியில் மாட்டலாம் என்றால் மாட்டுகிற துளை தளர்ந்துபோய், மூச்சு விட்டாலே படம் போகிறது. எதிர்வீட்டில் பெரிய டிவி இருக்கிறது, அங்கே போய்ப் பார்க்கலாமா என்றதற்கு, "அடுத்தவங்க வூட்ல போயி உக்காந்து, இதையா பாக்கறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்வதும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரர் கொடுத்த பென் டிரைவைச் செருகினேன். பெட்டி கோப்பின் பெயரைக் காட்டியது, அமுக்கினால் 'ஆதரிக்கப்படாத தரவு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது. ஏன், எதனால், என்ன செய்தால் ஓடும் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்த மாதிரிக் கல்லுளிமங்கனை நான் பார்த்ததே இல்லை. ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டால், "ஈக எல்லா ஃபோர்கே மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். இப்போதெல்லாம் எல்லாப் படத்தையும் அந்தப் பெரிய தெளிவில்தான் எடுக்கிறார்களாம். பழைய டிவிக்குத் தகுந்த மாதிரிச் சுருக்கித் தர முடியுமா என்றால், அந்தக் காலமெல்லாம் போய்விட்டது என்று சிரிக்கிறார்.

சரி, நாமே சுருக்குவோம் என்று உட்கார்ந்தேன். முதலில் சுருக்கியதில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. நாதஸ்வரம் வாசிக்கிறது, திரை இருட்டாக இருக்கிறது. அடுத்ததில் படம் வந்தது, சத்தம் இல்லை. புரோகிதர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்தது இரண்டும் சரியாக வந்தது என்று சந்தோஷப்பட்டால், கோப்பு பெரிசு, இந்தப் பெட்டி படிக்கிற பென் டிரைவ் அதை ஏற்காது. ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பை ஓடவிட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய், திரும்பி வந்து ஆசையாகச் செருகி, ஏமாந்து, மறுபடி ஆரம்பிப்பேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அத்தை, "அது கெடக்குது வுடு கண்ணு" என்பார். வீட்டுக்காரர் சோபாவில் கிடந்தபடி "ஆகத்தெ" என்பார். பெட்டியைப் போட்டு உடைப்பதா, இவரை உடைப்பதா என்று இருந்தது.

கடைசியில் தரத்தை நன்றாகக் குறைத்து, ஒருவழியாகப் பொருந்துகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஞாயிறு காலை மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அத்தை புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை அழைப்பு, கங்கணம் கட்டுவது எல்லாம் அழகாக ஓடின. என் கொழுந்தன் தாலியைக் கையில் எடுத்தான். கெட்டிமேளம் கொட்டியது. அந்த நேரம் பார்த்துப் படம் நொறுங்கிவிட்டது. மேடை, மாப்பிள்ளை, பெண், தாலி எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாகிக் கொட்டின. மேளம் நின்ற பிறகுதான் முகங்கள் திரும்பி வந்தன. அதற்குள் தாலி கழுத்தில் ஏறியிருந்தது.

காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது, புரிந்ததும் இன்னும் எரிச்சல் வந்தது. படத்தைச் சுருக்குகிற மென்பொருள் அசையாததை ஒருமுறை எழுதிவைத்துவிட்டு, அசைகிறதை மட்டும்தான் புதிதாகக் குறித்துக்கொள்ளும். மணமக்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சடங்கெல்லாம் அதற்குச் சுலபம். ஒரு மண்டபமே எழுந்து நின்று ஒரே நேரத்தில் பூவும் அரிசியுமாக அள்ளி வீசினால் அதனால் தாங்க முடியவில்லை. இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் நம் கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களெல்லாம் அட்சதை போடுகிற அந்த ஒரு கணத்தைத்தான் அத்தை கேட்டார், அதை மட்டும்தான் பெட்டி தின்றுவிட்டது.

அத்தை முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கொட்டுது பாரு. அத்தனையும் புள்ளைங்க மேலயே," என்றார். "இதே போதுங்கண்ணு."

"என்ன போதும்? ஒண்ணுமே தெரியல அத்தை. இருங்க, அந்த இடத்த மட்டும் நல்லாப் பண்ணித் தர்றேன்."

"வேண்டாங்கண்ணு. பாத்தாச்சு."

நான் கேட்கவில்லை. இத்தனை பாடுபட்டுவிட்டுக் கட்டத்தைக் காட்டி அனுப்புவதா? முகூர்த்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டினேன். துண்டு சின்னதானதால் தரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். அத்தை சாப்பிட்டு எழுவதற்குள் தயாராகிவிட்டது. பெட்டிக்குத்தான் மூச்சு வாங்கியது, படம் விட்டு விட்டு நகர்ந்தது. ஆனால் தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. கொழுந்தனின் விரல், மஞ்சள் சரடு, பெண்ணின் பின்கழுத்து வியர்வை, பக்கத்தில் தட்டோடு நான், எல்லாம் தெரிந்தன. முடிச்சு விழுந்தது. அத்தை கைகூப்பினார். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

உடனே படம் மாறியது. கிரேனில் மாட்டியிருந்த கேமரா, மண்டபத்தின் பின்பக்கம் உயரத்திலிருந்து மேடையை நோக்கி இறங்கியது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், முதுகுகள்தான் தெரிகின்றன. கீழே, ஓரத்தில், பந்திக்கட்டுக்குப் போகும் கதவு. கதவில் சந்தனக் கலர் புடவையில் ஒருவர், குதிகாலைத் தூக்கி எட்டி எட்டிப் பார்க்கிறார்.

"அது நாந்தான்," என்றார் அத்தை.

அவர் இலை எண்ணிக்கொண்டிருந்ததாகத்தான் இத்தனை நாளும் நாங்கள் நினைத்திருந்தோம். அட்சதைத் தட்டை அந்தப் பக்கம் யாரும் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். எங்கிருந்து ஒரு கை எடுத்தாரோ. படத்தில் அவர் கையை ஓங்கி வீசினார். பெட்டி திணறியதால் அந்தப் பூவும் அரிசியும் நின்று நின்று போயின. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசி வரிசையில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் அவை விழுந்தன. மேடை அங்கிருந்து வெகு தூரம்.

இந்தப் பெட்டிமேல், ஸ்டுடியோக்காரர்மேல், வீட்டுக்காரர்மேல் வாரம் முழுக்க வந்த கோபமெல்லாம் போய், மேடையில் தட்டோடு நிற்கிற அந்தப் பட்டுப்புடவைக்காரிமேல் வந்து நின்றது.

"அங்கயே வுழுந்துருச்சு," என்றார் அத்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, மொதல்ல போட்டியே, அதையே போடு."

போட்டேன். கெட்டிமேளம் கொட்டியது. திரையின் கீழ் ஓரத்திலிருந்து மேடை வரைக்கும் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டங்கள் கொட்டின.

"இதுல எது யாரு போட்டதுன்னு தெரியல, பாத்தியா," என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகும்வரை, உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் அந்தப் பொத்தானை நகத்தால் நெம்பி நெம்பி, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன்.